கூச்சத்தால் தள்ளிப்போகும் சிகிச்சை

புரோஸ்டேட் வீக்கம், சிறுநீரகக் கல், சிறுநீர்க் கசிவு ஆகியவற்றுக்கு இன்று வயிற்றைக் கிழிக்காத சிகிச்சைகள் பல உள்ளன. எது யாருக்குப் பொருந்தும், அதற்குப் பின் என்ன நடக்கும்? சிறுநீரியல் பிரிவில் பணிபுரியும் தாதி ஒருவரின் பகிர்வு.

“மிஸ்ஸி, கொஞ்சம் சங்கடமா இருக்கு.”

சிறுநீரியல் பிரிவில் பல ஆண்டுகளாகத் தாதியாக இருக்கும் எனக்கு மிகவும் பழகிப்போன வாக்கியம் இது. அறுபது வயதைத் தாண்டிய நம் தமிழ்ப் பெரியவர்கள், தாதியரை இன்னமும் ‘மிஸ்ஸி’ என்றுதான் அழைக்கிறார்கள். என்ன சங்கடம் என்று கேட்டால், முதுகுவலி என்பார்கள், தூக்கம் வரவில்லை என்பார்கள். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பதைச் சொல்ல இன்னும் பத்து நிமிடம் ஆகும். அதையும் மகள் அறையை விட்டு வெளியே போனபிறகுதான் சொல்வார்கள்.

இதயத்துக்கும் நீரிழிவுக்கும் மருத்துவரைப் பார்க்கத் தயங்காத நம் சமூகம், இடுப்புக்குக் கீழே வரும் நோய் என்றால் வாயை மூடிக்கொள்கிறது. அந்த மௌனத்துக்குக் கொடுக்கும் விலையை நான் வார்டில் பார்க்கிறேன். மாத்திரையிலேயே தீர்ந்திருக்க வேண்டியது அறுவை சிகிச்சையில் முடிகிறது. ஒரு நாளில் வீடு திரும்பியிருக்க வேண்டியவர் ஒரு வாரம் படுத்திருக்கிறார். சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டுவிடுகிறது.

இத்தனைக்கும் இந்தத் துறையில் சிகிச்சை முறைகள் வெகுவாக மாறிவிட்டன. நான் பயிற்சித் தாதியாக இருந்தபோது எனக்குப் பாடம் சொன்ன மூத்த தாதியர், கல்லுக்காக விலாவில் நீளமாகக் கீறிய காலத்தைப் பார்த்தவர்கள். இன்று அப்படிப்பட்ட அறுவை சிகிச்சை அரிது. பெரும்பாலான வேலை, இயற்கையாக உள்ள வழியிலேயே மெல்லிய கருவியை நுழைத்து முடிக்கப்படுகிறது. இது தெரியாமல் ‘வயிற்றைக் கிழித்துவிடுவார்கள்’ என்ற பழைய பயத்தோடு வீட்டிலேயே இருப்பவர்களை எண்ணித்தான் இதை எழுதுகிறேன்.

இரவில் நான்கு முறை

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் வழியைச் சுற்றி மோதிரம்போல அமைந்திருப்பது புரோஸ்டேட் சுரப்பி. இது ஆண்களுக்கு மட்டுமே உண்டு. இளம் வயதில் ஏறத்தாழ 20 கிராம் எடை, ஒரு நெல்லிக்காய் அளவு. வயது ஏற ஏற இது பெருக்கிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த மாற்றம் இருக்கும். நரை விழுவதைப் போன்ற ஒன்று. இது புற்றுநோயல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

மோதிரம் இறுகினால் விரலுக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. சிறுநீர் வரத் தாமதமாகும். வேகம் குறையும். நின்று நின்று வரும். முடித்தபின்னும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கும். ‘வயசானா அப்படித்தான்’ என்று நம் பெரியவர்கள் இதை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். இருட்டில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

டாக்சி ஓட்டுநர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வண்டியை நிறுத்திக் கழிவறை தேடுவது சிரமம் என்பதால், வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர். வயிறு பெருத்து, கால்சட்டை இறுகியதும் தொப்பை என்று நினைத்திருக்கிறார். பிறகு இரவில் படுக்கை நனையத் தொடங்கியது. மனைவிக்குத் தெரியாமல் விரிப்பைத் தாமே துவைத்துப் போட்டிருக்கிறார். அவர் எங்களிடம் வந்தபோது சிறுநீர்ப்பையில் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தேங்கியிருந்தது. வழக்கமாக அரை லிட்டரை எட்டுவதற்குள்ளாகவே நமக்கு அவசரம் வந்துவிடும். ஆனால், மெல்ல மெல்ல விரிந்த பை உணர்வை இழந்துவிட்டது. நிரம்பி வழிந்த நீர்தான் படுக்கையை நனைத்திருக்கிறது. அழுத்தம் மேலேறி இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன.

வயதான ஆணுக்குப் புதிதாகப் படுக்கை நனைகிறது என்றால், அது தளர்ச்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். வலியில்லாத அடைப்பின் முக்கிய அறிகுறி அது. அவருக்கு முதலில் குழாய் பொருத்தி நீரை வெளியேற்றினோம். சிறுநீரகம் தேறியபிறகே புரோஸ்டேட்டைக் கவனித்தார்கள். சிறுநீரகம் நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. சிறுநீர்ப்பையின் தசை பழைய வலுவுக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆயின. அது திரும்பாமலே போனவர்களும் உண்டு.

மாத்திரையிலிருந்து லேசர் வரை

மருத்துவமனைக்கு வந்தவுடன் யாரையும் அறுவைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதில்லை. ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளை முதலில் கொடுப்போம். மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசான தொல்லை, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. பிறகு சிறுநீர்ப் பரிசோதனை, நீர் வரும் வேகத்தை அளக்கும் சோதனை, கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஸ்கேன், பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை ஆகியவை நடக்கும்.

தொல்லை குறைவு என்றால் பழக்கத்தை மாற்றினாலே போதும். இரவு உணவுக்குப் பின் தேநீர், காப்பி, மதுவைக் குறைப்பது முதல் படி. சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் மூக்கடைப்பு மருந்துகளும் சிறுநீரைத் திடீரென அடைத்துவிடக்கூடும். புரோஸ்டேட் தொல்லை இருப்பவர்கள் மருந்தாளரிடம் அதைச் சொல்லிவிட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது மாத்திரை. டாம்சுலோசின் போன்றவை தசையைத் தளர்த்திச் சில நாள்களிலேயே நிவாரணம் தரும். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றலாம். ஃபினாஸ்டிரைட், டுடாஸ்டிரைட் போன்றவை சுரப்பியையே சுருக்கும், ஆனால் பலன் தெரிய ஆறு மாதம்வரை பொறுக்க வேண்டும். இவற்றை உட்கொள்பவர்களுக்கு பிஎஸ்ஏ அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து தெரியும். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

மாத்திரை பலன் தராதபோது, அடிக்கடி அடைத்துக்கொள்ளும்போது, கிருமித்தொற்றோ ரத்தமோ திரும்பத் திரும்ப வரும்போது, பையில் கல் சேரும்போது, அல்லது சிறுநீரகம் பாதிக்கப்படும்போது அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள்.

பல பத்தாண்டுகளாக நிலைத்திருக்கும் முறை டியுஆர்பி. சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அடைக்கும் சதையைச் சீவி எடுப்பார்கள். வெளியே தையல் கிடையாது. ஓரிரு நாள் குழாய் இருக்கும், இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். குழாய் வழியே உப்புநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் பையில் சேரும் நீர் சிவப்பாகத் தெரியும். பார்க்க வரும் குடும்பத்தார் அதைக் கண்டு பதறிப்போவார்கள். ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு ரோஸ் சிரப் விட்டால் எப்படிச் சிவக்குமோ அப்படித்தான் என்று நான் அவர்களிடம் சொல்வேன்.

சுரப்பி மிகப் பெரியதாக இருந்தால் முன்பு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்தில் 1990களில் உருவான ஹோலெப் முறை அதை மாற்றியது. ஹோல்மியம் லேசரைக் கொண்டு, ஆரஞ்சுச் சுளைகளைத் தோலிலிருந்து பிரிப்பதுபோலப் பெருத்த பகுதியை முழுதாகப் பெயர்த்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே துண்டாக்கி உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். எவ்வளவு பெரிய சுரப்பிக்கும் இது ஏற்றது. மறுபடி வளரும் வாய்ப்பும் குறைவு. ஆனால், கை தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. முதல் சில வாரங்களுக்குச் சிறுநீர் கசியலாம், பெரும்பாலோருக்கு அது சரியாகிவிடும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுக்கும் இதய நோயாளிகளுக்கு, சதையை ஆவியாக்கும் பச்சை லேசர் ஒரு வழி.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இன்னும் எளிய முறைகள் வந்துள்ளன. யூரோலிஃப்ட் என்பது திரைச்சீலையை இருபுறமும் இழுத்துக் கட்டுவதைப் போன்றது. சிறிய கொக்கிகளால் சதையை ஒதுக்கி வழியை விரிப்பார்கள், வெட்டுவது எதுவும் இல்லை. ரெஸூம் முறையில் நீராவியை ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது விநாடி செலுத்துவார்கள். அந்தச் சதை சில வாரங்களில் தானாகச் சுருங்கும். இரண்டுக்குமே பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம்.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால், எளிமைக்கும் ஒரு விலை உண்டு. யூரோலிஃப்ட் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு ஐந்தாண்டுகளுக்குள் மறுசிகிச்சை தேவைப்பட்டது என்று அதன் முக்கிய ஆய்வு காட்டியது. ரெஸூமுக்குப் பின் சில நாள் குழாயோடு இருக்க வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம், அதுவரை எரிச்சல் இருக்கும். மிகப் பெரிய சுரப்பிக்கு இவை பொருந்தா. அதிகச் சதையை எடுத்தால் பலன் கூடுதல், பக்கவிளைவும் கூடுதல். குறைவாகத் தொட்டால் இரண்டுமே குறையும். நவீனமானது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இந்தச் சிகிச்சைகள் எதுவும் புரோஸ்டேட்டை முழுமையாக அகற்றுவதில்லை. வெளிப்புறப் பகுதி அப்படியே இருக்கும், புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது அங்குதான். ‘அதுதான் ஆப்பரேஷன் பண்ணியாச்சே’ என்று பின்தொடர் பரிசோதனையை விட்டுவிடக்கூடாது.

மொழிபெயர்க்கப்படாத வாக்கியம்

மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்குவார். பெரியவருக்காக மகனோ மகளோ தமிழில் சொல்வார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு வாக்கியம் வரும்போது மட்டும் மொழிபெயர்ப்பு நின்றுவிடும். “மற்றதெல்லாம் ஒன்றுமில்லைப்பா, சின்னச் சின்னப் பக்கவிளைவுதான்” என்று மகள் முடித்துவிடுவார். மருத்துவர் தலையசைத்து அடுத்ததற்குப் போய்விடுவார்.

அந்த வாக்கியம் இதுதான்: டியுஆர்பி, ஹோலெப் போன்ற முறைகளுக்குப் பின் பெரும்பாலான ஆண்களுக்கு உடலுறவின்போது விந்து வெளியே வராது. அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய், அடுத்த முறை சிறுநீரோடு வெளியேறிவிடும். உடலுக்குத் தீங்கில்லை. விறைப்பும் உணர்வும் பெரும்பாலோருக்கு மாறுவதில்லை. ஆனால், இயற்கையாகக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். யூரோலிஃப்ட்டில் இந்த விளைவு இல்லை, ரெஸூமில் குறைவு.

இது சிறிய விஷயமா? ஒருவருக்குச் சிறியது, இன்னொருவருக்குப் பெரியது. அதை முடிவு செய்ய வேண்டியவர் அந்த நோயாளி. முன்பே தெரிந்திருந்தால் ‘பரவாயில்லை’ என்று கடந்துபோயிருக்கக்கூடிய ஒருவர், யாரும் சொல்லாததால் தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பல மாதங்கள் மனைவியிடமிருந்து விலகியே இருந்ததை நான் அறிவேன். பின்தொடர் பரிசோதனைக்கு வந்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஐந்து நிமிடம் பேசியதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

மகளைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவிடம் அந்த வாக்கியத்தை எந்தப் பிள்ளையாலும் சொல்ல முடியாது. அதனால், “இதைத் தமிழ் தெரிந்த தாதியோ மொழிபெயர்ப்பாளரோ விளக்க முடியுமா?” என்று கேளுங்கள். அதற்கு ஏற்பாடு செய்ய மருத்துவமனைகளால் முடியும். பிறகு நீங்கள் ஒரு காப்பி வாங்கி வரப் போய்விடுங்கள். அப்பாவின் கௌரவமும் காப்பாற்றப்படும், அவர் அறிய வேண்டியதும் அவரைச் சேரும்.

முப்பது வயதில் வரும் கல்

புரோஸ்டேட் அப்பாக்களின் கவலை என்றால், சிறுநீரகக் கல் பிள்ளைகளின் கவலை. குளிர்சாதன அலுவலகத்தில் தாகமே தெரியாமல் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், வெயிலில் வியர்த்து உழைப்பவர்களுக்கும் ஒரே குறை, சிறுநீர் அடர்த்தியாவது. அந்த அடர்த்தியில்தான் உப்புகள் படிகமாகின்றன. கற்களில் பெரும்பான்மை கால்சியம் ஆக்ஸலேட் வகை.

கல் சிறுநீரகத்துக்குள் சும்மா இருந்தால் பெரும்பாலும் தெரியாது. அங்கிருந்து இறங்கி, மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டமே உள்ள குழாயில் சிக்கும்போதுதான் வலி. விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் அந்த வலியைப் பிரசவ வலியோடு ஒப்பிடுவார்கள். இரண்டையும் அனுபவித்த பெண்கள் சிலர், கல்லுக்கே முதலிடம் தந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். வலி மாத்திரை, போதிய தண்ணீர், பொறுமை ஆகியவை போதும். வாழைத்தண்டுச் சாறு குடித்துக் கல் விழுந்தது என்று சொல்லும்போது, பெரும்பாலும் தானாக விழவேண்டிய கல்தான் விழுந்திருக்கும். சாறு குடிப்பதில் தவறில்லை, ஆனால் கால்சியம் கல்லை அது கரைக்காது. மருந்தால் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல் மட்டுமே, அதற்கும் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். சாற்றை நம்பி ஆறு மாதம் காத்திருப்பதுதான் ஆபத்து.

வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று பொருளல்ல. முழுமையாக அடைத்த கல், சில நாள்களில் வலியை நிறுத்திக்கொண்டு சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கலாம். ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்தும்வரை அதை நம்பக்கூடாது.

கல்லுக்கு இன்று மூன்று முக்கிய வழிகள் உள்ளன.

முதலாவது, உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையைச் செலுத்திக் கல்லைப் பொடியாக்குவது. விமானம் செய்த டோர்னியர் நிறுவனத்தின் அதிர்வலை ஆய்வில் பிறந்த முறை இது. 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. அப்போது நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் அமர்த்தினார்கள். இப்போது மேசையில் படுத்தால் போதும், அன்றே வீடு திரும்பலாம். கீறல் இல்லை. ஆனால், கடினமான கல் உடையாமல் போகலாம், மீண்டும் செய்ய நேரலாம். உடைந்த துகள்கள் வெளியேறும்போது வலிக்கவும் செய்யும். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது.

இரண்டாவது, சிறுநீர் வரும் வழியாக மெல்லிய வளையும் கேமராவை மேலே அனுப்பி, கல்லைக் கண்ணால் பார்த்தபடி லேசரால் உடைப்பது. குழாயில் சிக்கிய கல்லுக்கும், சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டர் வரையுள்ள கல்லுக்கும் இது பரவலாகச் செய்யப்படுகிறது. மயக்கமருந்து தேவை.

மூன்றாவது, 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கல்லுக்கு. முதுகுப்புறம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் துளையிட்டு, நேரே சிறுநீரகத்துக்குள் கருவியைச் செலுத்தி உடைத்து எடுப்பார்கள். ஸ்வீடனில் 1976இல் அறிமுகமான முறை. ரத்தக் கசிவு, கிருமித்தொற்று ஆகிய அபாயங்கள் மற்ற இரண்டைவிட இதில் கூடுதல். ஆனாலும், பெரிய கல்லை ஒரே முறையில் அகற்றும் வாய்ப்பும் இதில்தான் அதிகம்.

மறக்கப்படும் ஸ்டென்ட்

கல் சிகிச்சைக்குப் பின், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைவரை ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை உள்ளேயே வைப்பது வழக்கம். இரு முனையும் சுருண்டிருக்கும். வீக்கத்தால் குழாய் அடைபடாமல் காக்க அது தேவை. அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வரும், கழிக்கும்போது விலாவில் இழுக்கும், இடையிடையே ரத்தமும் தென்படும். இவை எதிர்பார்க்கக்கூடியவை.

ஆபத்து அது தொல்லை தராமல் இருக்கும்போதுதான். முப்பத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், சிகிச்சைக்குப் பின் வலியே இல்லை என்பதால் மறுசந்திப்புக்கு வரவில்லை. வேலை மாற்றம், வெளிநாட்டுப் பயணம், புதிய தொலைபேசி எண். ஒன்றரை ஆண்டு கழித்துக் காய்ச்சலோடு வந்தபோது ஸ்டென்ட் மீதே கல் படிந்து இறுகியிருந்தது. சில நிமிடங்களில் எடுத்திருக்க வேண்டிய பொருளை எடுக்க இரண்டு அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன.

ஸ்டென்ட் வைத்திருந்தால், அதை எடுக்கும் தேதியை மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்பே கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் சில நாள்கள் அல்லது சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள்.

கல் ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஒரு நாளில் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிக்கும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் சரி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, உடனடி நூடல்ஸ் என்று நம் தட்டில் சேரும் உப்பைக் குறைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு நல்லது, சர்க்கரை வேண்டாம். கால்சியம் கல் என்பதால் பாலையும் தயிரையும் நிறுத்துபவர்கள் பலர். அது தவறு. உணவோடு சேரும் கால்சியம், ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு சிறுநீரகத்துக்குப் போகாமல் தடுக்கிறது.

அம்மாக்கள் சொல்லாதது

தும்மினால், சிரித்தால், மார்க்கெட் பையைத் தூக்கினால் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும் உண்டு. கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் போவதை இதற்காகவே குறைத்துக்கொண்ட அம்மாக்கள் இருக்கிறார்கள். ‘மூட்டுவலி’ என்று காரணம் சொல்லிவிடுவார்கள்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை முறையாகக் கற்று மூன்று மாதமாவது விடாமல் செய்தால், பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. போதவில்லை என்றால், சிறுநீர் வழிக்கு அடியில் ஊஞ்சல்போல ஒரு மெல்லிய பட்டையைப் பொருத்தும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. செயற்கை வலையாலான பட்டையால் சிலருக்குப் பின்னாளில் வலியும் சிக்கலும் ஏற்பட்டுள்ளதால், அதன் நன்மை தீமைகளை விரிவாகக் கேட்டறிந்தபிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்தத் திசுவால் செய்யும் பட்டையும், ஊசி வழி நிரப்பும் முறையும் மாற்று வழிகள். அடக்க முடியாத அவசரத்தால் கசிகிறது என்றால் அது வேறு வகை. அதற்கு மாத்திரையும், சிறுநீர்ப்பையில் போடும் போட்டாக்ஸ் ஊசியும் உள்ளன.

செலவை முன்பே கேளுங்கள்

பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனை நிபுணரைப் பார்க்கச் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். அறுவை சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் மெடிசேவ் பயன்படுத்தலாம். எவ்வளவு எடுக்கலாம் என்பது சிகிச்சையின் வகையைப் பொறுத்தது. மெடிஷீல்டு லைஃப், கூடுதல் காப்புறுதி ஆகியவை எதுவரை ஈடுகட்டும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். புதிய முறைகளில் உள்ளே பொருத்தும் கொக்கிகளுக்கும் ஒருமுறை மட்டுமே பயன்படும் கருவிகளுக்கும் தனிச் செலவு உண்டு. தனியாரிடம் போவோர், சுகாதார அமைச்சு 2018 முதல் வெளியிட்டுவரும் கட்டண அளவுகோல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• இப்போதே செய்ய வேண்டுமா? காத்திருந்தால் என்ன ஆகும்?

• எனக்குப் பொருந்தும் மற்ற முறைகள் எவை? இதை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

• எத்தனை நாள் குழாய் இருக்கும்? உள்ளே ஸ்டென்ட் வைப்பீர்களா, எப்போது எடுப்பீர்கள்?

• சில ஆண்டுகளில் மீண்டும் செய்ய நேருமா?

• தாம்பத்திய வாழ்க்கை பாதிக்கப்படுமா?

• நான் எடுக்கும் ரத்த நீர்ப்பு மருந்தையும் நீரிழிவு மருந்தையும் எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்? (தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.)

உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நேரம்

• கல் வலியோடு காய்ச்சல் அல்லது நடுக்கம். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

• பல மணி நேரமாகச் சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு வீங்கி வலித்தால்.

• சிறுநீரில் ரத்தக் கட்டிகள் தென்பட்டால். வலியே இல்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் வந்து நின்றிருந்தாலும், சில நாள்களுக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பல நேரங்களில் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

புரோஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள், இரண்டாம் வாரத்தில் மீண்டும் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும் காலம் அது. தண்ணீர் அதிகம் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ கட்டி கட்டியாக வந்தாலோ வர வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு அரிசி மூட்டை தூக்குவதும் பேரனைத் தோளில் ஏற்றுவதும் வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம், முக்கினால் ரத்தம் கசியும்.

இதைப் படிக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த வாரம் அப்பாவோடு உட்காரும்போது, “உடம்பு எப்படிப்பா இருக்கு?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் அப்பாக்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. “ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?” என்று கேளுங்கள். எண்ணிக்கையைச் சொல்வதில் யாருக்கும் கூச்சமில்லை. இரண்டுக்கு மேல் என்றால், பலதுறை மருந்தகத்தில் அவருக்கு ஒரு சந்திப்பு நேரம் வாங்கிக்கொடுங்கள்.